கரை எந்தப் பக்கம்

எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் பெருங்கடலின் மறுகரையிலிருந்து புறப்பட்ட படகு, யங்கலெவுக் குன்றின் மேலிருந்து முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது 1960ஆம் வருடம் ஜூன் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது. ஊரில் காய்ந்த விறகு இல்லை, உப்பு இல்லை, கூரையோடு மிஞ்சியிருந்த வீடுகள் பதினொன்று. முதலில் பார்த்தவள் உபெர்லிண்டா. இருபத்தெட்டு வயது, கடற்பாறைகளில் வளரும் தடித்த பாசியை அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். தொடுவானத்தில் ஏதோ அசைவது போலத் தெரிந்ததும் அது தன் புருஷனின் படகு என்று நினைத்து, குன்றிலிருந்து விழுந்தடித்து இறங்கி, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மறுபடி மேலே ஏறினால் இருந்தது. நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவனுடைய படகுக்குப் பாயே கிடையாது. இது இரண்டு நீளமான ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே பலகை போட்டுக் கட்டியது. பாய் நண்டின் கொடுக்கு மாதிரி விரிந்திருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, நிலம் ஆடியது. நின்றவர்கள் விழுந்தார்கள், விழுந்தவர்கள் எழமுடியவில்லை. ஆட்டம் நின்றதும் உபெர்லிண்டாவின் புருஷன் பெலார்மினோ அவளையும் தன் தங்கை ஆடிலியாவையும் இழுத்துக்கொண்டு குன்றேறினான். மேலேயிருந்து பார்த்தபோது கடல் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கண்டிராத கறுத்த தரை தெரிந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. உபெர்லிண்டாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். "படகைக் கட்டாமலா வந்த? நீயெல்லாம் என்னய்யா மீன் பிடிக்கிறவன்! அது போச்சுன்னா நாளைக்கு எதைத் தின்கிறது?" பெலார்மினோ தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் படகுக்குள் கால் வைத்த நேரத்தில் கடல் திரும்பி வந்தது. வந்த தண்ணீர் படகைத் தூக்கி, குன்றின் அடிவாரம் வரைக்கும், அவனுடைய முகம் தெரிகிற தூரம் வரைக்கும் கொண்டுவந்து காட்டியது. பிறகு அவசரப்படாமல் எடுத்துக்கொண்டு போனது. அவன் துடுப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனான். கடைசி வரை விழவில்லை. இதைப் பார்த்தவர்கள் பலர், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

ஆகவே உபெர்லிண்டா அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மறுத்தாள். "நின்னுக்கிட்டே போன ஆளுக்கு எதுக்கு மெழுகுவத்தி?" என்றாள். ஆடிலியாவின் எண்ணம் வேறு. தன் அண்ணன் செத்துவிட்டான், அவனைக் கொன்றது அண்ணியின் வாய் என்று அவள் எல்லார் எதிரிலும் சொன்னாள். சொல்லிவிட்டு, போக வேறு இடம் இல்லாததால், அதே அண்ணியோடு ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சமைத்து நாற்பது வருடம் சாப்பிட்டாள். அந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் ஒரு மேசையைப் போல இருந்தது. அதைச் சுற்றித்தான் நடந்தார்கள், அதன் மேல்தான் சாப்பிட்டார்கள்.

படகு நாளொன்றுக்கு ஒரு கட்டிலின் நீளம் நகர்ந்தது. காற்றடித்தாலும் அவ்வளவுதான், அடிக்காவிட்டாலும் அவ்வளவுதான். நடுக்கடலில் வேகமாக வந்திருக்கும், கரை நெருங்கினால் எந்தப் படகும் வேகத்தைக் குறைக்கத்தானே வேண்டும் என்று மீனவர்கள் சொன்னார்கள். எதிர்கொண்டு அழைத்துவரப் போனவர்களுக்கு அது அகப்படவில்லை. தரையில் நிற்பவனுக்குத் தெரியும், தண்ணீரில் இருப்பவனுக்குத் தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தின் மேலேயே வலை வீசிவிட்டு வந்தவர்களின் வலையில் இரண்டு நாளைக்குத் தேங்காய் மணம் அடித்தது. யங்கலெவில் யாரும் தேங்காயைக் கண்டதில்லை என்பதால் அதைச் சோப்பு வாசனை என்றார்கள். பாதிரியார் கொடுத்த தொலைநோக்கியில் பார்த்தால் பலகைமேல் ஏழு பேர் இருந்தார்கள், ஒரு கூடையில் கோழிகள் இருந்தன. முன்னால் நின்ற வாலிபன் கண்ணுக்கு மேல் கைவைத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையை அவன் இறக்க இரண்டு வருடம் ஆயிற்று. 1967இல் ஒரு கோழி கூடையிலிருந்து எகிறிப் பறந்து, மழைக்காலம் முழுவதும் அந்தரத்தில் நின்று, வசந்தத்தில் அந்த ஏழு பேரில் ஒருத்தியான கிழவியின் மடியில் இறங்கியது. அந்தக் கிழவி அதற்காகச் சிரிக்கத் தொடங்கி, சிரித்து முடிப்பதற்குள் ஊரில் நான்கு கல்யாணங்களும் ஆறு சாவுகளும் நடந்துவிட்டன.

1964இல் தலைநகரிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரனின் கப்பல் வருவதற்கு முன்பே கடலைத் தாண்டி வேறு மனிதர்கள் இந்தக் கண்டத்துக்கு வந்தார்களா என்பது அவர்களுக்குள் பழைய சண்டை. ஒரு கட்சி, தீவுக்காரர்கள் கோழிகளோடு இங்கே வந்தார்கள் என்றது. இன்னொரு கட்சி, இங்கிருந்தவர்கள்தான் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு அங்கே போனார்கள் என்றது. மூன்றாவது கட்சி, யாரும் எங்கேயும் போகவில்லை, அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள் என்றது. படகை நேரில் பார்த்த பிறகும் யாரும் கட்சி மாறவில்லை. வருகிற படகு என்றார் ஒருவர். போகிற படகு, நாம்தான் முதுகைப் பார்க்கிறோம் என்றார் இன்னொருவர். ஒயின் கடையில் அடிதடி ஆகி ஒருவருக்குப் பல் போயிற்று. ஆடிலியா கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மூக்கு இந்தப் பக்கம் இருக்கு, முதுகு அந்தப் பக்கம் இருக்கு. இதைக் கண்டுபிடிக்க நாலு ஜீப்பா? எங்க ஊருக்கு ரோடு போட மட்டும் ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்" என்றாள்.

அவர்களில் டாக்டர் ஒயார்சுன் என்பவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். ஒல்லியான மனிதர், சதா மூக்கொழுகும், வருகிற படகு என்ற கட்சி. முதலில் கோடைக்கு ஒரு வாரம் வந்தார், பிறகு ஒரு மாதம், தலைநகரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவருடைய வேலை போன பிறகு அண்ணியும் நாத்தனாரும் இருந்த வீட்டின் பின்கட்டு அறைக்கு ஒரு பெட்டியோடு வந்து தங்கிவிட்டார். அவருடைய மனைவி ஒரே ஒரு கடிதம் எழுதினாள். அதை அவர் படகை அளக்கும் குச்சிகளோடு சேர்த்துக் கட்டிவைத்தார். படகு கரைசேர்ந்ததும் அதன் மரத்தில் ஒரு துண்டும் கோழியின் எலும்பில் ஒன்றும் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும், வயது எண்ணூறு என்று பதில் வரும், அத்தோடு உலகத்தில் இருக்கும் பாடப்புத்தகங்களை எல்லாம் திருத்துவார்கள். இதுதான் அவருடைய நம்பிக்கை. உபெர்லிண்டாவுக்குப் பாடப்புத்தகங்களைப் பற்றி அக்கறை இல்லை. அந்தத் திசையிலிருந்து வருகிறவர்கள் வழியில் அவனைப் பார்த்திருப்பார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு.

"டாக்டரய்யா, அவங்க பாஷையில எனக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க" என்று ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"ஒரு கேள்வி கேட்கணும்."

அவர் தீவுகளில் இரண்டு வருடம் இருந்து பேசப் பழகியவர். இன்றைக்குப் பேசுகிற பேச்சு எண்ணூறு வருடத்துக்கு முந்தையவர்களுக்குப் புரியுமா என்று அவருக்கே சந்தேகம். ஆனாலும் அறுபது சொற்கள் கொடுத்தார். மனிதன், படகு, சின்ன, ஒன்று, பார், எங்கே. பாசி அறுக்கும்போதும், வெந்நீரில் மாவைக் கரைக்கும்போதும், தினமும் விடிந்ததும் குன்றின்மேல் நிற்கும்போதும் அவள் அவற்றைச் சொல்லிப் பார்த்தாள். அவளைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தச்சன், நல்லவன், ஐந்து வருடம் காத்திருந்தான். அவனிடம் அவள் முகத்துக்கு நேராக, "என் புருஷன் கடல்ல இருக்காரு" என்றாள், சந்தைக்குப் போயிருக்கிறார் என்பது போல. தச்சன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பேரன் எடுத்து, செத்தும் போனான். உபெர்லிண்டாவுக்கு முடி நரைத்தது, இடது முழங்கால் மடங்க மறுத்தது. குன்றேற ஆகும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. படகு வருவதற்குள் ஏறிவிடுவாள் என்று ஆடிலியா கேலி செய்தாள்.

1999 மார்ச் மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை நண்பகலில், படகு மணலைத் தொட்டது. கடைசிக் கட்டில் நீளத்தை மட்டும் அது எல்லாப் படகுகளையும் போலச் சட்டென்று கடந்தது. ஏழு பேரும் இறங்கி, விறைத்த கால்களை உதறிக்கொண்டார்கள். ஊரே கூடியிருந்தது. துறைமுகப் பொறுப்பாளர் வந்து எந்தத் துறையிலிருந்து புறப்பட்டீர்கள், சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் தனக்குத் தெரிந்த ஒரே வழியாக அவர்களை உள்ளூர் மீனவர்கள் என்று எழுதிக்கொண்டு சாப்பிடப் போனார். டாக்டர் ஒயார்சுன் மணலில் மண்டியிட்டு, படகின் மரத்தைத் தடவி, அழுதார். முன்னால் நின்ற வாலிபனின் பெயர் தெமானு. அவன் அழுகிறவரைச் சுற்றிக்கொண்டு நேராக உபெர்லிண்டாவிடம் வந்து, அவளுடைய நெற்றியில் நெற்றியை வைத்தான். அவன் சொன்னதை டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். இன்று காலையில் அவர்களுக்கு இந்த நிலம் கண்ணில் பட்டதாம். வெளிச்சமும் இருட்டும் கண் சிமிட்டுவது போல மாறிக்கொண்டிருந்ததாம், மரங்கள் முளைத்து விழுந்துகொண்டிருந்தனவாம். எதுவும் நிற்கவில்லை. குன்றின் உச்சியில் ஒரு தூண் மட்டும் நின்றதாம். அதைக் குறிவைத்தே படகைச் செலுத்தினார்களாம்.

"நீங்கதான்மா அந்தத் தூண்" என்றார் டாக்டர்.

உபெர்லிண்டா அதைக் காதில் வாங்கவில்லை. முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மனிதன். ஒன்று. படகு, சின்ன. பார்த்தாயா?

தெமானு கிழவியைத் திரும்பிப் பார்த்தான். கிழவி தலையசைத்தாள். பார்த்தோம் என்றான். இன்று விடியற்காலையில். ஒருத்தன் மட்டும், சின்னப் படகில், எதிர்ப்பட்டான். நல்ல பலசாலி. தலையில் எதையோ கவிழ்த்திருந்தான். கத்திக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். அவன் பேசியது தங்களுக்குப் புரியவில்லை. ஆனால் கேட்ட ஒலியை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வது தங்கள் வழக்கம், நட்சத்திரங்களின் பெயரையே அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வாலிபன் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, பெலார்மினோவின் குரலில் பேசினான். அதே கரகரப்பு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அதே சின்ன இருமல். "ஐயா! கரை எந்தப் பக்கம்? யங்கலெவு எந்தப் பக்கம்யா? ராத்திரி பூராவும் துடுப்புப் போடுறேன். வீட்ல தேடுவா."

ஆடிலியா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று டாக்டர் அவர்கள் பாஷையில் கேட்டார்.

தெமானு சந்தோஷமாகக் கையை நீட்டிக் காட்டினான். கடலைக் காட்டினான். மேற்கே, வந்த வழியை. நடுக்கடலில் எதிர்ப்படுகிறவன் வேறு என்ன கேட்பான், எங்கிருந்து வருகிறீர்கள் என்றுதானே கேட்பான். தங்கள் ஊர் இருக்கும் பக்கத்தைக் காட்டினார்களாம். அந்த மனிதன் தலையில் இருந்ததை எடுத்து ஆட்டி நன்றி சொன்னானாம். அவனைப் பார்க்கப் பசியாகத் தெரிந்ததால் ஒரு கோழியும் மூன்று தேங்காயும் கொடுத்தார்களாம். அவன் படகைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கமாக, வேகவேகமாகத் துடுப்புப் போட்டுப் போனானாம்.

டாக்டர் இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். கை காட்டிய திசை எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அது தேவைப்படவும் இல்லை. ஆடிலியா எழுந்து, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பாசிக் கட்டு ஒன்றை உருவி, தெமானுவை அடிக்க ஆரம்பித்தாள். "பாவி, வந்துக்கிட்டிருந்த மனுசனைத் திருப்பி அனுப்பிட்டியேடா! வந்துக்கிட்டிருந்தாரேடா!" அவன் இதை வரவேற்பு முறை என்று நினைத்து, தலையைக் குனிந்து காட்டினான்.

"விடு ஆடிலியா" என்றாள் உபெர்லிண்டா.

"எப்படி விடுறது? உங்களுக்குக் கோவமே வரலையா அண்ணி?"

"அவன் தெரியாம கை காட்டினான். நான் தெரியாம வாய் விட்டேன். யாரைப் போட்டு அடிப்ப?" நாற்பது வருடத்தில் அந்தப் பேச்சை அவள் எடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஏழு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய், வறுத்த மாவைக் கரைத்துக் கொடுத்தாள். அவன் கோழியைச் சாப்பிட்டிருப்பானா, அல்லது வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று வைத்திருப்பானா என்று ஒருமுறை கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஊரார் படகைத் திருப்பிக் கடலில் தள்ளப் பார்த்தார்கள். தெமானுவும் மற்றவர்களும் போய் அவனைப் பிடித்துத் திருப்பி அழைத்து வருவதாக ஏற்பாடு. விஷயம் புரிந்த பிறகு தீவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது ஆண்கள் தோள் கொடுத்தார்கள், ஆறு மாடுகள் இழுத்தன, மரம் வெட்டும் கம்பெனியிலிருந்து ஒரு டிராக்டரும் வந்தது. டிராக்டரின் கொக்கி உடைந்தது. படகு ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. ஏழு பேர் கையால் நிமிர்த்திவிடக்கூடிய படகுதான். எண்ணூறு வருடம் சும்மா வந்து உட்காராது என்று மீனவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். உபெர்லிண்டா தானே ஒரு படகை வாடகைக்கு எடுத்து, மேற்கே எட்டு நாள் போய்ப் பார்த்தாள். தண்ணீரில் இருப்பவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. திரும்பி வந்தபோது அவள் ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். துணி துவைக்க வேண்டும் என்றாள்.

டாக்டர் ஒயார்சுன் படகிலிருந்து ஒரு விரல்கனத் துண்டையும், கிழவியிடம் கெஞ்சி வாங்கிய ஒரு கோழியின் கால் எலும்பையும் எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனார். மே மாதம் திரும்பினார். பதில் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மரம் வெட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கோழி அறுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, இந்த மாதிரி விளையாட்டுக்கு இனிமேல் எங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. பொய் ஒன்றும் எழுதவில்லை. படகு கட்டியவர்களுக்கு அது போன வெயில்காலத்தில் கட்டிய படகுதான். பழைய விஷயம் என்றால் பழையதாக இருக்க வேண்டும் என்பது சோதனைச்சாலையின் சட்டம். அவர் தலைநகரிலிருந்து சட்டைப்பையில் இருந்த கடிதத்தோடு ஒரு சளிக்காய்ச்சலையும் கொண்டுவந்தார். யங்கலெவுக்காரர்களுக்கு அது இரண்டு நாள் தும்மல். தீவுக்காரர்கள் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. முதலில் கிழவி போனாள், அடுத்து அவளுடைய இரண்டு மகன்கள், பிறகு பாயைக் கையாள்பவன். நான்கு குழிகளையும் டாக்டரே தோண்டினார், யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. அதற்குப் பின் அவர் ஒரு வரி எழுதவில்லை. ஊர்க் கோழிக் கூடுகளைச் செப்பனிட்டுக்கொண்டு அந்தப் பின்கட்டிலேயே இருந்தார். கோழி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், தெரியாது என்றார்.

மிஞ்சிய மூன்று பேரில் இருவர் தெற்கே வேலை தேடிப் போய்த் தகவல் இல்லாமல் போனார்கள். தெமானு தங்கினான். உபெர்லிண்டாவின் முழங்கால் முற்றிலும் மடங்காமல் போனபோது பாசி அறுக்கும் வேலை அவனுடையதாயிற்று. அவனிடம் அவள் ஒரே ஓர் உதவிதான் கேட்டாள். எப்போதாவது, அவள் கேட்கிற அன்றைக்கு மட்டும், அந்த வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். அவன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, செருமி, சொல்வான். அதற்குள் அவனுக்கு அந்தச் சொற்களின் அர்த்தம் தெரிந்திருந்தது, ஆகவே அவனுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மறுத்ததில்லை. நல்ல காற்றும் நல்ல நீரோட்டமும் அமைந்து பெலார்மினோ மறுகரைக்குப் போய்ச்சேரும் வருடம் எது, அங்கே யாராவது சரியான திசையைக் காட்டி, அவன் திரும்பி வந்துசேரும் வருடம் எது என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருமுறை கரும்பலகையில் கணக்குப் போட ஆரம்பித்தார். பலகையில் இடம் போதவில்லை. அழித்துவிட்டார்.

2002 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உபெர்லிண்டா, எழுபது வயது, திருமணமானவள் என்று எழுதிக்கொண்டு, புருஷன் பெயரைக் கேட்டாள். பெலார்மினோ, மீன்பிடித் தொழில்.

"வயசு?"

"முப்பத்து நாலு."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். அடுப்படியில் இருந்த ஆடிலியாவை, அந்த வீட்டில் நியாயமாகப் பேசக்கூடியவள் அவள்தான் என்று எண்ணி, திரும்பிப் பார்த்தாள். ஆடிலியாவுக்கு எழுபத்திரண்டு வயது. பல் இல்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "சரியாத்தான் சொல்றாங்க, எழுதிக்க. இனிமே என் தம்பிதான். சின்ன வயசு. இப்பத்தான் கிளம்பியிருக்கான், ரொம்பத் தூரம் போகணும் அவனுக்கு."

அந்தப் பெண்ணின் பாட்டனாரும் அந்தக் கடற்கரைக்காரர்தான். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டு, கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த வருடம் யங்கலெவில் இருநூற்றுப் பதினான்கு பேர் என்று பதிவாயிற்று, அவனையும் சேர்த்து.